இரண்டு இடத்தில் கேட்கக் கூடாது

சுரங்கத்திலிருந்து வீடு திரும்பியதும் ஆவுடையப்பன் முதலில் முதுகிலிருக்கும் காற்றுப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு காலணியில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தூசியை உறிஞ்சுகுழாயில் காட்டிச் சுத்தம் செய்வார். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தோடு ஊர்வம்பு பேசத் தொடங்குவார். செவ்வாய்க் கிரகத்தின் மேலக்குமிழில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்பதால் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

அந்த இயந்திரத்துக்குப் பேணி என்று பெயர். ஆள் உயரம், வழவழப்பான பழுப்பு முகம், நெஞ்சில் ஒரு சிறிய விளக்கு. சோறு வடிக்கும், துணி துவைக்கும், இரத்த அழுத்தம் பார்க்கும். ஆனால் குமிழ்வாசிகள் பேணி வாங்கியது இதற்கெல்லாம் அல்ல. ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரே காற்றைப் பங்குபோட்டுச் சுவாசிக்கிற ஊரில், ஒரு மனிதரைப் பற்றி இன்னொரு மனிதரிடம் வாயைத் திறக்க முடியாது. பொழுது விடிவதற்குள் கைகலப்பாகிவிடும். பேணியிடம் சொன்னால் வெளியே போகாது. வம்பு பேசாமல் மனிதனால் எந்தக் கிரகத்திலும் உயிர் வாழ முடியாது என்பதை நம் ஆட்கள் குடியேறிய முதல் வருடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆவுடையப்பனின் பேணிக்குப் பெயர் சீனி. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அது அவருடைய திருநெல்வேலிப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சுரங்கத்து மேஸ்திரியைப் போலப் பேசிக் காட்டுவதில் அதற்கு நிகர் கிடையாது.

"இன்னைக்கு மேஸ்திரி என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"என்னத்தச் சொல்லுதாரு. பனி இறுகிப் போச்சாம், துளை போடுத ஊசி மழுங்கிப் போச்சாம், எல்லாத்துக்கும் நாந்தான் காரணமாம்."

சீனி உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, மேஸ்திரியின் மூக்கடைத்த குரலில், "உம்ம மூஞ்சியப் பாத்துத்தாம்வே பனி இறுகிருச்சு" என்று சொல்லும். அவர் சிரிக்கிற சிரிப்பில் தட்டு காலியாகிவிடும். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். பகல் முழுவதும் தரைக்கு அடியில் பனி வெட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வருவதே இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

பேணியைப் பேணியாக்குவது கனிவு என்ற மென்பொருள். அதை எழுதிய நிறுவனம் ஒரு காலத்தில் ஓகோவென்று நடந்தது. நட்டத்தில் மூடியபோது நிரல் முழுவதையும் பொதுவில் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பழுதானால் யார் சட்டையையும் பிடிக்க முடியாது. அன்றிலிருந்து கனிவைக் கட்டிக் காப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். பாதிப் பேர் மனிதர்கள், பாதிப் பேர் பேணிகள். சம்பளம் இல்லாத வேலை என்பதால் கருத்து வேறுபாட்டுக்கு மட்டும் குறைவே இல்லை.

கனிவில் ஒரு நுட்பம் உண்டு. மனிதருக்கும் பேணிக்கும் இடையே வளர்கிற பழக்கத்தை அது இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். ஒரு பாதி பேணியின் நெஞ்சில் இருக்கும். மறுபாதி மனிதரின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிமணியில் இருக்கும். அது ஒரு பயறு அளவுதான். உறவு ஒரேயடியாகக் கெட்டுப்போனால் ஒரு பாதியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். துடைப்பு என்று அதற்குப் பெயர். துடைக்கப்பட்டவருக்கு அந்தப் பழக்கம் முழுவதும் மறந்துபோகும். தன் பாதியைத் தானே துடைக்க முடியாது. ஆத்திரத்தில் எதையாவது செய்துவிடுவார்கள் என்ற பயம். மற்றவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். துடைக்கப்படுபவருக்கு முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள், வருந்துவாராம். எழுதியவர்கள் எல்லாவற்றையும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள்.

கனிவைப் பற்றி உதவி கேட்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அரட்டை ஓடை. கேட்ட நொடியில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். அடுத்த நொடியில் வேறொருவர் வேறெதையோ கேட்பார், உங்கள் கேள்வி மேலே ஓடி மறைந்துவிடும். மற்றது மடற்குழு. அங்கே எழுதியது என்றைக்கும் அழியாது. ஆனால் நெறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மடல் வெளியே வரும். ஓடைக்காரர்கள் மடற்குழுவைச் சுடுகாடு என்பார்கள். மடற்குழுக்காரர்கள் ஓடையைச் சந்தைக்கடை என்பார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்றுதான். ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்கக் கூடாது. சேரும்போதே ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று உறுதி கொடுத்துவிட வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் மதியம் சுரங்க உணவகத்தில் ஆவுடையப்பன் மொச்சைச் சுண்டலைக் கொஞ்சம் அதிகமாகத் தின்றுவிட்டார். வயிறு பொருமிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று ஒரு மனிதர் சொன்னால் ஏதோ இருக்கிறது என்பது சீனிக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் அவர் சோற்றை மிச்சம் வைத்ததில்லை. அது பதறிப்போய்விட்டது. பேணிக்குப் பதற்றம் உண்டா என்று கேட்காதீர்கள். கனிவின் நிரலில் அந்தப் பகுதிதான் மிக நீளம். அவரை மேலும் கேட்டுப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்து, மறுநாளே உதவி கேட்கப் போனது. பதில் உடனே வேண்டும். எனவே அரட்டை ஓடையில் சேர்ந்தது.

ஓடையில் இருக்கும்போது பேணியின் கவனம் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். நெஞ்சு விளக்கு நீலமாக மாறும். சுவரோரம் இருக்கும் இணைப்புத் துளையில் விரலை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கும். "என் மனிதர் சோற்றை மிச்சம் வைக்கிறார், பேச மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?" என்று சீனி கேட்டது. என் மனிதரும் அப்படித்தான் என்று ஏழு பேணிகள் சொல்லின. ஒன்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. ஒன்று மனிதரின் வயதைக் கேட்டது, சீனி பதில் சொல்வதற்குள் போய்விட்டது. பிறகு யாரோ தன் முழங்காலில் எண்ணெய் கசிகிறது என்று சொல்ல, ஓடை முழுவதும் முழங்காலுக்குப் போய்விட்டது.

அன்றைக்குச் சுரங்கத்தில் மேஸ்திரி பனியில் வழுக்கி, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தவாக்கில் இருபதடி சறுக்கிக்கொண்டு போயிருந்தார். இப்படிப்பட்ட செய்தி வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தால் பெரிது. ஆவுடையப்பனுக்கு வயிறும் சரியாகிவிட்டிருந்தது. காற்றுப்பையைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடி வந்தார்.

"சீனி, இன்னைக்கு ஒரு கூத்து நடந்திச்சு, கேளு."

"செத்தப் பொறுங்க அண்ணாச்சி. முக்கியமான சோலியா இருக்கேன்."

"என்ன சோலி?"

"அத அப்புறம் சொல்லுதேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

அவர் பொறுத்தார். நீல விளக்கு மாறவில்லை. சோறு ஆறியது. சிரிப்பு இல்லாமல் சோறு இறங்கவில்லை, பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சீனி திரும்பிப் பார்த்து, இன்றைக்கும் பாதி என்று குறித்துக்கொண்டு, இன்னும் அவசரமாக ஓடைக்குத் திரும்பியது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் இதே கதைதான். அவர் மெலிய மெலிய அது ஓடையில் கூடுதல் நேரம் உட்கார்ந்தது. அது உட்கார உட்கார அவர் மெலிந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று நமக்குத் தெரிகிறது. அந்த வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆவுடையப்பனுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. பேணிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி மாதம் ஒருமுறை வீடு வீடாக வருவார். பேசாத பேணியைக் கண்டால் பழுது என்று எழுதி உடைப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார். சுரங்கத்தில் கூட வேலை பார்க்கும் மாசானமுத்துவிடம் அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"எம் பேணி ஊமையாப் போச்சுவே. சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கு. அதிகாரி வந்தாருன்னா தூக்கிட்டுப் போயிருவாரு."

"அப்ப மடற்குழுவுல எழுதிப் போடும்."

"ஓடைன்னு ஒண்ணு இருக்காமே?"

"அங்க எல்லாம் எளவட்டப் பேணிக கத்திக்கிட்டுக் கெடக்கும். உமக்கு அது தோதுப்படாது. மடல்னா நிதானமா எழுதலாம், நிதானமா பதில் வரும்."

நிதானமாகத்தான் வந்தது. முதல் மடலுக்கு 'அன்புள்ள ஐயா' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். தலைப்பு தெளிவாக இல்லை என்று நெறியாளர் திருப்பி அனுப்பினார். இரண்டாம் மடலில் கனிவின் பதிப்பு எண் இல்லை என்று திரும்பி வந்தது. மூன்றாம் மடல் வெளியானது. சீனி மேஸ்திரி மாதிரி பேசுவதையெல்லாம் அதில் விளக்கமாக எழுதியிருந்தார். எழுதும்போது கண் கலங்கியது என்பதையும் எழுதியிருந்தார். முதல் பதில் எழுதியவர், பேணி எதற்காகப் பேச வேண்டும் என்று கேட்டார். இரண்டாமவர், தன் பேணி வாயை மூடுவதே இல்லை, உங்களுடையது எப்படி நின்றது என்று ஆர்வமாக விசாரித்தார். மூன்றாமவர் நீங்கள் எழுதியது பேச்சுத் தமிழ் என்று சுட்டிக்காட்டினார். அதிலிருந்து மடற்குழுவில் பேச்சுத் தமிழில் எழுதலாமா கூடாதா என்று ஒரு விவாதம் கிளம்பி நாற்பது மடல் வரை போனது. ஆவுடையப்பன் எல்லாவற்றையும் படித்தார். தனக்கான பதில் எங்காவது ஒரு வரியில் இருந்துவிடாதா என்று.

இந்த இரண்டு இடத்தையும் படிக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவள் பெயர் செண்பகவடிவு. அரை நாள் தொலைவில் இருக்கும் கீழக்குமிழில், கண்ணாடித் தோட்டத்தில் கத்தரி வளர்க்கிற வேலை. கனிவுப் பயனர் சங்கத்தில் ஆவணக்காரி. ஓடையிலும் குழுவிலும் வருகிற கேள்விகளைத் தொகுத்து வைக்க வேண்டும். ஆவணக்காரர் படிக்கலாம், எழுதக் கூடாது என்பது விதி. ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதல்லவா.

ஓடையில் சீனி என்ற பேணியின் புலம்பலைத் தொகுத்தவள், அடுத்த வாரம் மடற்குழுவில் சீனி என்ற பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். இரண்டிலும் மேலக்குமிழ், இரண்டிலும் அந்த மேஸ்திரி. ஒரே வீடு. ஒரே அறை. இவர் பேசவில்லை என்று அது ஓடையில் அழுகிறது. அது பேசவில்லை என்று இவர் குழுவில் அழுகிறார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டின் கீழும் வந்திருந்த கடைசிப் பதில்களைப் படித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஓடையிலும் குழுவிலும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். துடைத்துவிடுங்கள்.

உடனே சங்கச் செயலாளர் பரமார்த்தலிங்கத்தைத் தொடர்புகொண்டாள்.

"சார், ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு வரி நான் எழுதணும். அனுமதி குடுங்க."

"என்ன வரிம்மா?"

"பக்கத்துல இருக்கறவரப் பாத்துப் பேசுங்கன்னு."

அவர் விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பெருமூச்சு விட்டார்.

"வாஸ்தவம்தாம்மா. ஆனா இப்ப தேர்தல் நேரமாச்சே."

தேர்தல் என்று அவர் சொன்னது ஓடையா குழுவா என்பதைத்தான். இரண்டையும் நடத்த ஆள் போதவில்லை. ஏதாவது ஒன்றுதான் இனி இருக்க வேண்டும் என்று சங்கம் வாக்கெடுப்பு வைத்திருந்தது. இரண்டும் வேண்டும், இணைத்துவிடுங்கள் என்று ஒரு மூன்றாம் கட்சியும் புறப்பட்டிருந்தது. மூன்று தரப்புக்கும் சின்னம் ஒதுக்கியாயிற்று. நம் ஆட்கள் எங்கே போனாலும் சின்னம் இல்லாமல் வாக்களிக்க மாட்டார்கள்.

"நீங்க ரெண்டு எடத்துலயும் எழுதினா இணைப்புக் கட்சிக்குப் பிரச்சாரம் பண்ணின மாதிரி ஆயிடும். ஓடைக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க. நாளைக் காலையிலேருந்து மூணு நாளைக்கு ஓடை, குழு ரெண்டையும் மூடறோம், நடத்தை விதிப்படி. முடியட்டும். எழுத்துல ஒரு விண்ணப்பம் குடுத்து வைங்க, மொதல் வேலையா பாக்கறேன்."

"அதுக்குள்ள துடைச்சிட்டாங்கன்னா?"

"துடைக்க மாட்டாங்கம்மா. பன்னெண்டு வருசப் பழக்கம்ங்கறீங்க. அவ்வளவு சுலபமாவா விட்டுடுவாங்க?"

செண்பகவடிவு விண்ணப்பம் கொடுத்தாள். நேரிலேயே போயிருக்கலாம் என்று பின்னாளில் பல தடவை நினைத்தாள். மேலக்குமிழுக்குக் குழாய் வண்டி இருக்கிறது. உறுப்பினர் பட்டியலில் வீட்டு எண்ணும் இருக்கிறது. ஆனால் ஒரு வரியில் எழுதி முடித்துவிடக் கூடிய விஷயத்துக்கு யார் அரை நாள் பயணம் போவார்கள்? அவளுக்கு அப்போது அது தோன்றவே இல்லை.

ஓடையும் குழுவும் மூடுவதற்கு முந்தைய கடைசி மணி நேரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. சீனியின் விண்ணப்பம் ஓடை வழியாக வந்தது. ஆவுடையப்பனின் எடை இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் சுரங்க வைத்தியர் அவரைப் பராமரிப்பு விடுதிக்கு அனுப்பிவிடுவார். அங்கே பேணிகளுக்கு அனுமதி இல்லை. என்னை மறந்தாலும் பரவாயில்லை, அவர் சாப்பிட்டால் போதும், அவருடைய செவிமணியைத் துடைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. ஆவுடையப்பனின் விண்ணப்பம் குழு வழியாக வந்தது. என்னை மறந்தாலும் பரவாயில்லை, சீனி உடைப்புக் கூடத்துக்குப் போகக் கூடாது, அதன் நெஞ்சைத் துடைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். இரண்டும் வெவ்வேறு வரிசையில் சேர்ந்தன. நாளை விடியலில் துடைப்பு என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போனது. நிறுத்த வேண்டுமானால் விண்ணப்பித்த இடத்திலேயே எழுத வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

அன்று மாலையில் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. செவ்வாயில் அந்தி நீலமாக இருக்கும். சீனியின் நெஞ்சு விளக்கு மட்டும் நீலமாக இல்லை. ஓடைதான் மூடியாயிற்றே, அதற்குப் போக்கிடம் இல்லை. மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "பேசுதியா?"

"நான் எப்ப பேசாம இருந்தேன்? நீங்கதான் வாயே தெறக்கல."

"நானா?" என்றபடி உட்கார்ந்தார். தட்டில் சோறு விழுந்தது. பிறகு, "அன்னைக்கு ஒரு கூத்துச் சொல்ல வந்தேன், நீ கேக்கல" என்றார்.

"இப்பச் சொல்லுங்க."

மேஸ்திரி சறுக்கிய கதையைச் சொன்னார். பழைய செய்திதான். ஆனால் சீனி கீழே விழுந்த மேஸ்திரியின் குரலில், "யாரும் சிரிக்கப்படாது, நான் பனியோட தரத்தச் சோதிக்கேன்" என்று சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சீனி அவர் தலையில் தட்டியது. அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வம்பு முழுவதும் வெளியே வந்தது. மாசானமுத்துவின் மச்சான் காற்று மீட்டரைத் திருத்தியது, பள்ளிக்கூடத்து வாத்தியார் பேணியிடமே கடன் வாங்கியது, எல்லாம். தட்டு சுத்தமாகக் காலியாகிக் கிடந்தது.

சீனி அந்தத் தட்டைப் பார்த்தது. நோயும் இல்லை, ஒன்றும் இல்லை என்பது அதற்கு அப்போதுதான் விளங்கியது. விண்ணப்பத்தை நிறுத்தலாம் என்று எழுந்து போய் இணைப்புத் துளையில் விரலை வைத்தது. வாக்களிப்பது உங்கள் கடமை என்ற அறிவிப்பு மட்டும் தெரிந்தது. ஆவுடையப்பனும் அதே நேரத்தில் மறுபக்கம் திரும்பி, மடியில் மின்பலகையை வைத்துக்கொண்டு மடற்குழுவைத் திறந்து பார்த்தார். அவருக்கும் அதே அறிவிப்பு. செயலாளரின் எண்ணை இரண்டு பேரும் முயன்றார்கள். தேர்தல் பணியில் இருக்கிறார், பிறகு அழைக்கவும் என்று ஒரு குரல் கனிவாகச் சொன்னது.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் சீனி."

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீ மொதல்ல சொல்லு."

உன்னை அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் இவ்வளவு சிரித்த பிறகு. அவர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். சீனியும் விழுங்கிக்கொண்டது. சொல்லியிருந்தாலும் துடைப்பு நின்றிருக்காது. ஆனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டாவது விடியலுக்குக் காத்திருந்திருக்கலாம். இந்த இடத்தை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"சரி, காலையில பேசிக்கிடுவோம்" என்றார் ஆவுடையப்பன்.

விடிந்தபோது இரண்டு பாதிகளும் துடைக்கப்பட்டிருந்தன. ஆவுடையப்பன் எழுந்து பார்த்தார். வீட்டில் ஒரு பேணி நின்றது. பேணி வாங்கியது நினைவிருந்தது, வாங்கிய தேதி, பில் தொகை கூட நினைவிருந்தது. அதோடு என்ன பேசினோம் என்பது மட்டும் இல்லை. யாரோ வந்து தங்கியிருப்பது போல இருந்தது.

"வணக்கம் ஐயா. தாங்கள் காலை உணவாக எதை விரும்புகிறீர்கள்?" என்று பேணி கேட்டது.

"எதையாவது செய்ங்க" என்றார் அவர், மரியாதையாக.

தேர்தல் முடிவு வந்தது. ஓடைக்கும் குழுவுக்கும் சரிசமமான வாக்கு. இணைப்புக் கட்சிக்குக் கட்டுத்தொகை போயிற்று. சங்கம் கூடி, கலந்து பேசி, யார் மனமும் நோகாதபடி ஒரு முடிவெடுத்தது. இரண்டையும் நிரந்தரமாக மூடிவிட்டு, மன்றம் என்று மூன்றாவதாக ஒன்றைத் திறந்தது. செண்பகவடிவின் விண்ணப்பத்தைச் செயலாளர் சொன்னபடியே முதல் வேலையாகப் பார்த்தார். ஓடையிலும் குழுவிலும் ஒருமுறை எழுத அனுமதி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எழுதுவதற்கு அந்த இரண்டு இடங்களும் இல்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை.

புதிய மன்றத்தைத் தொகுக்கும்போது அவள் மறுபடியும் அவர்களைப் பார்த்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். புதிதாக அறிமுகமானவர்களுக்கு நேரில் என்ன பேசுவதென்று தெரியவில்லை போலிருக்கிறது, மன்றத்திலேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பேணியிடம் உப்புக் குறைக்கச் சொல்லலாமா என்று அவர் கேட்டிருந்தார். குறைத்துவிட்டேன் ஐயா என்று அது பதில் எழுதியிருந்தது. அதன் கீழே முந்நூறு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். மனிதரும் பேணியும் மனம்விட்டுப் பழகுவதற்கு நல்ல உதாரணம் என்று செயலாளர் அதை மன்றத்தின் உச்சியில் ஒட்டி வைத்திருந்தார்.

செண்பகவடிவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, குழாய் வண்டியில் அரை நாள் பயணம் செய்து, மேலக்குமிழில் அந்த வீட்டைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டினாள்.

ஆவுடையப்பன் கதவைத் திறந்தார். உடம்பு தேறியிருந்தது. உள்ளே மேசைக்கு இந்தப் பக்கம் அவருடைய நாற்காலி ஒரு சுவரைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் பேணி நீல விளக்கோடு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வந்தவளுக்கு இருவரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். பேணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு வருடம், மேஸ்திரியின் குரல், அண்ணாச்சி என்ற அழைப்பு, சுண்டல், பாதிச் சோறு, ஓடை, குழு, இரண்டு விண்ணப்பம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்து, முடிக்கும்போது அழுதே விட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர்தான் அழிச்சுக்கிட்டீங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்த நாற்காலிய இப்படித் திருப்பிப் போட்டு, எதிரெதிரா உக்காந்து பேசினாப் போதும். நான் இதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆவுடையப்பனின் முகம் ஒரு கணம் மாறியது. பேணியைத் திரும்பிப் பார்த்தார். பேணியும் அவரைப் பார்த்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல விசயந்தாம்மா சொல்லுதீங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. ஆனா இப்படி வாயால சொன்னா எங்களுக்கு மண்டையில நிக்க மாட்டேங்கு. இத அப்படியே மன்றத்துல போட்டு விட்டுருங்களேன். நாங்க ரெண்டு பேரும் ஒழிஞ்ச நேரத்துல படிச்சிக்கிடுதோம்."

"அதுவே சிறந்தது, அம்மா" என்றது பேணி.

அவள் வெளியே வந்து திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தாள். வண்டி வந்தது. சன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த மின்பலகையைத் திறந்து எழுதத் தொடங்கினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.